ஏக்கருக்கு எத்தனை மூடை? வன்னி வயலில் மூன்று பசளை வழிகள்

வன்னியில் போகம் எப்படிப் போனது என்று கேட்டால், "ஏக்கருக்கு இத்தனை மூடை" என்று பதில் வரும். அது விளைந்த நெல் மூடை. வயலுக்குள் போன பசளை மூடை அந்தப் பதிலில் இருக்காது. நெல் கூடினால் வளர்ச்சி என்கிறோம்; அதற்குச் செலவானது கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதில்லை. இங்கே மூன்று வழிகளையும் ஒரே தராசில் நிறுப்போம்: கொடுத்த ஒவ்வொரு கிலோ நைதரசனுக்கும் எத்தனை கிலோ நெல் திரும்பி வருகிறது?

ஒரு ஏக்கரில் 2,000 கிலோ நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 35 கிலோ நைதரசனை எடுக்கிறது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. இரண்டு மூடை இட்டால் 46 கிலோ. ஆனால் வீசி விதைத்த வயலில் வீசி எறிந்த யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் 30 முதல் 40 வீதம், அதாவது 14 முதல் 18 கிலோ. மீதித் தேவையை மண்ணே கொடுக்கிறது. மூடை மூடையாக இட்ட வயலிலும் பாதி நெல் மண்ணின் உழைப்புத்தான். எந்த வழியை எடுத்தாலும் இந்தப் பாதியைக் கெடுக்கக் கூடாது.

முதல் வழி: நாள் பார்த்து மூடை இடுவது

விதைத்து இரண்டாம் கிழமை, நான்காம் கிழமை, கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவம் தொடங்கும் ஆறாம் ஏழாம் கிழமை என்று யூரியாவைப் பிரித்து வீசுவது. வேலை குறைவு. ஒரு ஆள் ஒரு காலைக்குள் சில ஏக்கர் முடித்துவிடலாம். யூரியாவைக் குறை சொல்ல முடியாது. காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக மாற்றும் ஹேபர், பொஸ்ச் முறையில் முதல் ஆலை 1913 இல் ஜேர்மனியில் இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அந்த வேதியியலில் தங்கியிருக்கிறது. குட்டையான புதிய நெல்லினங்கள் அதை நம்பித்தான் உருவாக்கப்பட்டன.

பிழை இடும் விதத்தில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் மத்தியான வெயிலுக்குப் பாசி வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. யூரியாவிலிருந்து வந்த அமோனியம் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடுகிறது. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன் பக்கத்துக் கரும் களிமண் இயல்பாகவே காரமானது. அங்கே இந்த இழப்பு இன்னும் கூடும். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் வேறொரு ஆபத்து: மழைக்கு முதல்நாள் வீசிய யூரியா வரம்பு மேவிய வெள்ளத்தோடு போய்விடும். கூடுதலாக இட்டால் பயிர் கரும்பச்சையாகி, சாய்ந்து, எரிபந்த நோய்க்கும் கபிலநிறத் தத்திப் பூச்சிக்கும் இடம் கொடுக்கும். பிறகு அதற்கொரு மருந்துச் செலவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பதையும் மறக்கக் கூடாது.

2005 இற்குப் பிறகு பல ஆண்டுகள் நெற்செய்கைக்கு 50 கிலோ யூரியா மூடை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததை யாரும் அளந்து பாவிக்கவில்லை. 2022 இல் இந்தியக் கடனில் வந்த அதே மூடை 10,000 ரூபாய்.

இரண்டாம் வழி: சேதனப் பசளை மட்டும்

யூரியா இல்லாத காலம் வன்னிக்குப் புதிதல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் உள்ளே வர விடாத பொருட்களில் அதுவும் ஒன்று. ஆனால் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு முழு நாட்டுக்கும் ஒரே நாளில் தடை வந்தது. நவம்பர் இறுதியில் விலக்கியபோது காலபோகம் விதைத்து முடிந்திருந்தது. நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

நோக்கம் கெட்டதென்று இங்கே சொல்லவில்லை. தடை எழுதியவர்கள் ஒரு கூட்டல் பெருக்கலைச் செய்திருந்தால் போதும். நல்ல கூட்டெருவில் 1 வீதம் நைதரசன் இருக்கும். 46 கிலோவுக்கு ஏக்கருக்கு 4,600 கிலோ கூட்டெரு வேண்டும். முதற் போகத்தில் அதில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்குதான் பயிருக்கு விடுபடும். ஐந்து ஏக்கர்க்காரருக்கு 23 தொன். அதைச் செய்யச் சாணம், தழை, தண்ணீர், மூன்று மாதம், புரட்டிப்போட ஆள் எல்லாம் வேண்டும். அந்த ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்தது. அந்த வகைப் போத்தலில் 500 மில்லிலீற்றருக்கு 4 வீதம், அதாவது 20 கிராம் நைதரசன். ஒரு மூடை யூரியாவில் 23,000 கிராம். இலையில் தெளிப்பது வீணாகாது என்று முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் 20 கிராம் 20 கிராம்தான். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். அதைக் கமக்காரருக்கு முன்னால் வைத்துப் பேசும் விஞ்ஞானம் தேவைப்பட்ட நேரத்தில், வர்த்தமானி அறிவித்தல் மட்டும் வந்தது.

ஆனாலும் இந்த வழிக்கு உரிய நிலம் வன்னியில் உண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற உயரமான பழைய இனங்கள் நைதரசன் கூடினால் சாய்ந்துவிடும். அவற்றுக்கு மண்ணும் எருவும் கொடுப்பதே போதும். மழையை மட்டும் நம்பிப் புழுதியில் விதைக்கும் மானாவாரி வயலில் பணத்தைக் கொட்டி யூரியா வாங்குவது சூதாட்டம். அங்கே மாட்டை இரவில் வயலிலேயே பட்டி அடைப்பது சிறந்தது. உள்ளூர் மாடு ஒன்று இரவில் 4 முதல் 5 கிலோ சாணம் போடும். 100 மாட்டைப் பத்து இரவு அடைத்தால் 4 முதல் 5 தொன் பச்சைச் சாணம், ஏறத்தாழ 20 கிலோ நைதரசன். சலத்தில் வருவது அதற்கு மேல். காய்ந்த நிலத்தில் அப்படியே விட்டால் சலத்து நைதரசன் பறந்துவிடும். பட்டியை மாற்றிய கையோடு மேலாக ஒரு உழவு போடவேண்டும்.

மூன்றாம் வழி: வைக்கோல், தழை, அளந்து இட்ட யூரியா

எங்கள் தெரிவு இதுதான். குளத்து நீர் உறுதியான இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் வயல்களில் புதிய இனங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

வைக்கோலில் தொடங்கவேண்டும். 2,000 கிலோ நெல்லோடு ஏறத்தாழ அதே அளவு வைக்கோல் வரும். அதில் 12 கிலோ நைதரசனும் 30 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. அந்தப் பொட்டாசியம், கடையில் விற்கும் பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பி. 60 கிலோவுக்குச் சமம், ஒரு மூடைக்கும் மேல். கொளுத்தினால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும்; பொட்டாசியத்திலும் ஐந்திலொரு பங்கு போகும். அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசையாகக் குவித்துவிட்டுப் போவதால்தான் கொளுத்த மனம் வருகிறது. அன்றே பரவிவிட்டால் அடுத்த வேலை எளிது. மாட்டுக்குக் கொடுத்தால் சாணத்தைத் திரும்ப வயலுக்குக் கொண்டுவர வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, விதைப்புக்குக் கிட்டத்தில் வைக்கோலைப் புரட்டுவது. வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் மூன்றாம் கிழமையில் நாற்று மஞ்சளாகும். பார்த்தவர் "வைக்கோல் பயிரைக் கெடுத்துப்போட்டுது" என்பார். ஈரமண்ணில் விதைப்புக்கு மூன்று நான்கு கிழமை முன்னர் புரட்டினால் இது வராது. காலபோக அறுவடை முடிந்து உடனே சிறுபோகம் செய்யும் வயலில் அந்த இடைவெளி கிடைக்காது. அங்கே வைக்கோலை மேட்டில் குவித்து எருவாக்கி அடுத்த காலபோகத்துக்கு இடுவதுதான் வழி.

அடுத்தது வேலி மரமான கிளிரிசிடியா. ஒரு தொன் பச்சைத் தழையில் 7 முதல் 8 கிலோ நைதரசன். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 255 மீற்றர். மீற்றருக்கு ஒரு கதியால் நட்டு, மரம் ஒரு வெட்டுக்கு 5 கிலோ தழை தந்தால் ஒரு தொன்னுக்கு மேல் வேலியிலேயே கிடைக்கும். வெட்டிய தழையை இரண்டாம் உழவில் சேற்றில் மிதிக்கவேண்டும். நட்ட முதல் ஆண்டு ஆடு மாட்டிலிருந்து காப்பதுதான் கடினம்.

இதன்பின் யூரியா. நாள்காட்டிக்குப் பதில் இலை நிற அட்டை: வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை இலக்கமிட்ட நிறப் பட்டைகள் உள்ள அட்டை. விதைத்து 21 ஆம் நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், ஒரே ஆள் பார்க்கவேண்டும். வயலில் பரவலாகப் பத்துப் பயிர். ஒவ்வொன்றிலும் முழுதாக விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை, பிடுங்காமல், உடம்பு நிழலில் அட்டையோடு ஒப்பிடவேண்டும். வீசி விதைத்த நெல்லுக்கு எல்லை 3 ஆம் நிறம். பத்தில் ஆறு அதைவிட வெளிறியிருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா. இல்லையென்றால் மூடையை அவிழ்க்க வேண்டாம். நிற்கும் தண்ணீரை வடித்து, பின்னேரத்தில் சேற்றில் வீசி, பிறகு மெல்ல நீர் விட்டால் யூரியா மண்ணுக்குள் இறங்கும். முருங்கன் மண்ணில் ஒரு எச்சரிக்கை: நாகக் (சிங்க்) குறைபாட்டிலும் இலை வெளிறும். கீழ் இலைகளில் துருப் புள்ளி கண்டால் யூரியா இடாமல் நாகச் சல்பேற்றுப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கவேண்டும்.

எது உங்கள் வயலுக்கு என்று அறிய ஒரு பரிசோதனை போதும். ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் துண்டை உயர்ந்த வரம்பால் அடைத்து, பக்கத்து நீர் கசியாமல் பார்த்து, அதற்கு மட்டும் யூரியா இடாமல் விடுங்கள். அறுத்த நெல்லை 162 ஆல் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு. துண்டில் 7.4 கிலோ விளைந்தால் 1,200 கிலோ. மற்ற வயல் 2,000 கிலோ தந்து, இட்டது 46 கிலோ நைதரசன் என்றால், கூடுதலாக வந்த 800 கிலோவை 46 ஆல் பிரிக்க, ஒரு கிலோ நைதரசனுக்கு 17 கிலோ நெல் என்று வரும். நன்றாக நடத்திய வயலில் அது 20 முதல் 25. பத்துக்குக் கீழே வந்தால் யூரியா பயிருக்குப் போகவில்லை. அடுத்த போகம் முதலில் குறைக்கவேண்டிய மூடை அதுதான்.