லோக்கல் காடியா, வெளிநாட்டுக் காடியா?

பினாங்கில் புதுக் காடி தேடுகிறீர்களா? முதலில் வரியைப் பாருங்கள். முழுசாகக் கட்டி இறக்கும் காடிக்கு, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து 30 விழுக்காடு வரை இறக்குமதி வரி, அது சேர்ந்த விலையின் மேல் எஞ்சின் அளவுப்படி 60 முதல் 105 விழுக்காடு வரை கலால் வரி, அப்புறம் 10 விழுக்காடு விற்பனை வரி. வரிக்கே வரி கட்டுகிறோம்! கடனில் வாங்கினால் அந்த வரிப் பணத்துக்கும் சேர்த்து ஒன்பது வருஷம் வரை வட்டி.

பெரொடுவாவின் மைவி மாதிரி லோக்கல் காடிக்கும் கலால் உண்டுதான், ஆனால் உள்ளூர்ப் பாகங்களுக்குச் சலுகை கிடைப்பதால் விலை அடங்கி நிற்கிறது. சாமானும் பட்டர்வொர்த் பட்டறைகளில் சுலபமாகக் கிடைக்கும்.

மின்சாரக் காடி என்றால், முழு இறக்குமதிக்கு இருந்த வரிவிலக்கு 2025 டிசம்பர் 31 வரைதான். பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டும் மின்சாரக் காடிக்கு 2027 கடைசி வரை.

சம்பளக் குடும்பத்துக்கு லோக்கல்தான் என்பேன். ஆனால் 1985இல் முதல் தேசியக் காடியான புரோட்டோன் சாகா வந்த காலத்திலிருந்து லோக்கல் காடித் தொழிலைக் காப்பாற்றும் செலவை வாங்குகிறவர்கள்தான் சுமக்கிறோம், அது எனக்கு நியாயமாகப் படவில்லை.