உமிழ்நீர்ச் சுரப்பியின் குருத்தணுக்கள்: காப்பதா, திரும்பச் செலுத்துவதா?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களை, நோய் தீர்ந்த பிறகும் விடாமல் வாட்டுவது வாய் வறட்சி; விழுங்குவதும் உறங்குவதும் கடினமாகி, பற்களும் சிதைகின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் இதற்கு இரு வழிகளை ஆராய்ந்துள்ளனர்.

முதலாவது, சுரப்பியைப் புதுப்பிக்கவல்ல மூல உயிரணுக்களான குருத்தணுக்களைக் கதிரிலிருந்து காப்பது. காதருகே உள்ள பரோடிட் சுரப்பியில் இவ்வணுக்கள் சீராகப் பரவியிராமல் உமிழ்நீரைக் கொண்டுசெல்லும் பெரிய நாளங்களை ஒட்டியே செறிந்திருப்பதை அவர்கள் 2015-இல் வெளியிட்டனர். ஆகவே, சுரப்பி முழுவதற்குமான சராசரிக் கதிரளவை மட்டும் பார்க்காமல், அச்சிறு பகுதிக்குச் செல்லும் கதிரைக் குறைப்பது பயன் தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. புதிய மருந்தோ அறுவையோ வேண்டாம், சிகிச்சைத் திட்டத்தை மாற்றினால் போதும் என்பது இதன் பெரும் வசதி. ஆனால், 2022-இல் வெளியான சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வில் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) உமிழ்நீர்ச் சுரப்பில் தெளிவான முன்னேற்றம் தென்படவில்லை. கட்டி அருகிலேயே இருந்தால் அப்பகுதியைக் கதிரிலிருந்து விலக்கவும் கூடாது.

இரண்டாவது, சிகிச்சைக்கு முன்பே சுரப்பித் திசுவை எடுத்து, அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, பின்னர் திரும்பச் செலுத்துவது. சுண்டெலிகளில் சில நூறு அணுக்களே சுரப்பை மீட்டதை 2008-இலேயே காட்டினர். மனிதர்களுக்கு இது எளிய வழியன்று. எனினும் கட்டியின் இடத்தால் முதல் வழி அடைபட்டவர்களுக்காகவேனும் இவ்வாய்வு தளரக் கூடாது என்றே உறுதியாகக் கருதுகிறேன்.