கல்லூரிக் கூடைப்பந்தைக் கணிக்க எந்தக் கணக்கு உதவும்? சில முறைகள், ஓர் ஒப்பீடு

கூடைப்பந்தின் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் கூடைக்குள் விழுந்த பந்துக்கு இடம் உண்டு. விழாமல் போன பந்துக்கு இடம் இல்லை. இரண்டு புள்ளிக்கு ஒரு குறுக்குக் கோடு, மூன்று புள்ளி என்றால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்காகக் கிடைக்கும், தடுப்பார் இல்லாத ஒரு புள்ளி ஷாட்) ஒரு கரும்புள்ளி, ஷாட்களைப் பற்றி அதற்கு மேல் அந்தத் தாள் ஒன்றும் சொல்வதில்லை. சென்னையில் நடக்கும் கல்லூரிப் போட்டிகளுக்கு முன்னோட்டம் எழுத உட்காரும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கான அலசல்களைப் படித்துவிட்டு, அதே சூத்திரங்களை லொயோலா கல்லூரியின் பெர்ட்ராம் நினைவுப் போட்டிக்கோ, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்கோ பொருத்திப் பார்த்தால் பாதிக் கட்டங்கள் காலியாகவே நிற்கும். ஆகவே, எந்த முறை சிறந்தது என்று கேட்பதைவிட, நம் கைக்குக் கிடைக்கும் தாளை வைத்துக்கொண்டு எந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பதே பயனுள்ளது.

பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியை. இது எளிது, ஸ்கோர் ஷீட்டிலிருந்தே கிடைக்கும், படிப்பவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் இது வேகத்தையும் திறமையையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. அ என்ற அணி ஆட்டத்துக்கு 84 புள்ளி எடுத்து 76 புள்ளி கொடுக்கிறது என்றும், ஆ என்ற அணி 66 எடுத்து 56 கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சராசரியை மட்டும் பார்ப்பவர் அ அணியை அதிரடித் தாக்குதல் அணி என்றும், ஆ அணியைத் தற்காப்பை நம்பிப் பிழைக்கும் அணி என்றும் எழுதிவிடுவார். அ அணி ஓர் ஆட்டத்தில் 80 முறை பந்தைத் தன் வசம் பெறுகிறது, ஆ அணி 62 முறைதான் பெறுகிறது என்பது தெரிந்தவுடன் கதை மாறுகிறது. நூறு முறை பந்து கைக்கு வந்தால் அ அணி 105 புள்ளி எடுக்கிறது, 95 கொடுக்கிறது. ஆ அணி ஏறத்தாழ 106 எடுத்து 90 மட்டுமே கொடுக்கிறது. தாக்குதலில் இரண்டும் ஏறக்குறைய சமம், தற்காப்பில் ஆ அணி தெளிவாக முந்துகிறது. அ அணியின் ‘அதிரடி’ என்பது ஓட்டத்தின் வேகம் மட்டுமே.

இந்தப் பந்துவசக் கணக்கு, அதாவது பொசெஷன் அடிப்படையிலான கணக்கு, சராசரியைவிட எல்லா வகையிலும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சூத்திரமும் கடினமானதல்ல: எறிந்த ஷாட்களின் எண்ணிக்கையிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தன் ஷாட் தவறியபின் தானே திரும்பப் பிடித்த பந்துகளை) கழித்து, டர்ன்ஓவர்களை (ஷாட் எறியாமலே எதிரணியிடம் பந்தை இழந்த தடவைகளை) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்தால் போதும். அந்தப் பாதி 0.44-ஆ, அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்குப் பலர் பயன்படுத்தும் 0.475-ஆ என்று வாதிடுபவர்கள் உண்டு. 70 ஷாட், 14 தாக்குதல் ரீபவுண்ட், 16 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ உள்ள ஓர் ஆட்டத்தில் முதல் எண் 80.8 என்றும், இரண்டாவது எண் 81.5 என்றும் விடை தரும். ஒரு பந்துவசம்கூடத் தேறாத இந்த வேறுபாட்டுக்காகச் செலவிடும் நேரத்தை, ரீபவுண்டுகளைச் சரியாக எண்ணுவதில் செலவிடலாம்.

சிக்கல் அந்த எண்ணுவதில்தான் இருக்கிறது. தவறிய ஷாட், ரீபவுண்ட், டர்ன்ஓவர் ஆகிய மூன்றில் ஒன்றுகூட ஸ்கோர் ஷீட்டில் கிடையாது. ஃப்ரீ த்ரோ முயற்சிகளை மட்டும் சற்று முயன்றால் மீட்டெடுக்கலாம். எதிரணியின் ஃபவுல் கட்டங்களில் P போன்ற எழுத்துகளின் அருகே 1, 2 அல்லது 3 என்று குறிக்கப்பட்டிருக்கும் சிற்றெண்களைக் கூட்டினால் வழங்கப்பட்ட ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும். கரும்புள்ளிகளைக் கூட்டினால் விழுந்தவை கிடைக்கும். மேசை அதிகாரிகளாக உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் முன்னோட்டம் எழுதுபவர்கள் இந்தப் பக்கம் வருவது அரிது. மற்ற மூன்றுக்கும் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து எண்ணும் ஆள் வேண்டும்.

அப்படி ஆள் இல்லாதபோது, ஸ்கோர் ஷீட்டை மட்டும் வைத்துச் செய்யக்கூடியது வெற்றி வித்தியாசக் கணக்கு. இது வெறும் வெற்றி தோல்விக் கணக்கைவிட நம்பத்தகுந்தது. ஒரு புள்ளியில் வென்ற மூன்று ஆட்டங்களையும் இருபது புள்ளியில் வென்ற மூன்று ஆட்டங்களையும் அது ஒன்றாகக் கருதாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பே இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. 1981 முதல் அது பயன்படுத்திய ஆர்பிஐ என்ற குறியீட்டில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கும், எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கும், எதிராளிகளின் எதிராளிகளுக்குக் கால் பங்கும் தரப்பட்டன. ஒரு புள்ளியில் வென்றாலும் முப்பதில் வென்றாலும் அதற்கு ஒன்றே. அணியின் மதிப்பில் முக்கால் பங்கு, பெரும்பாலும் அந்த அணி ஆடாத ஆட்டங்களிலிருந்து வந்தது. 2018-19 பருவத்தில் அதைக் கைவிட்டு நெட் என்ற புதிய வரிசைமுறைக்கு மாறினார்கள். தொடக்கத்தில் அதில் வெற்றி வித்தியாசம் 10 புள்ளிக்கு மேல் எண்ணப்படவில்லை; 2020-ல் அந்த வித்தியாசம் என்ற அங்கத்தையே நீக்கிவிட்டு, எதிரணியின் வலிமைக்கும் ஆட்டம் நடந்த இடத்துக்கும் ஏற்பத் திருத்திய பந்துவசத் திறனை, மிஞ்சிய இரண்டு அங்கங்களில் ஒன்றாக வைத்தார்கள்.

வித்தியாசத்துக்கு வரம்பு வைக்கும் எண்ணம் சென்னைக்கும் பொருந்தும். முன்னணி அணி ஒன்று நன்கு பயிற்சி பெறாத அணியை நாற்பது புள்ளியில் வீழ்த்தும்போது, ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் ஆடுபவர்கள் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர்கள். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு கால் பகுதியின் புள்ளியும் தனியாக எழுதப்படுவதால், இத்தகைய ஆட்டங்களில் முதல் மூன்று கால் பகுதிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். வரம்பை எங்கே வைப்பது என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதிரணியின் வலிமையைச் சேர்க்கும் திருத்தம் இன்னும் நுட்பமானது, அதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அடிப்படை எளிது: அணியின் சராசரி வித்தியாசத்தோடு அதன் எதிராளிகளின் சராசரி வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். 12 புள்ளி சராசரியில் வென்ற அணியின் எதிராளிகள் சராசரியாக 8 புள்ளியில் தோற்பவர்கள் என்றால் அந்த அணியின் மதிப்பு 4. 3 புள்ளி சராசரியில் மட்டுமே வென்ற அணியின் எதிராளிகள் 6 புள்ளி சராசரியில் வெல்பவர்கள் என்றால் அதன் மதிப்பு 9. இங்கு நடப்பவை பெரும்பாலும் லீக் கம் நாக்அவுட் போட்டிகள். ஒரே பிரிவுக்குள் எல்லோரும் எல்லோருடனும் ஆடிவிடுவதால், பிரிவுக்குள் இந்தத் திருத்தம் வரிசையை மாற்றவே மாற்றாது. செய்தாலும் செய்யாவிட்டாலும் முதலிடம் முதலிடமே. மாறாக, அரையிறுதியில் ஒரு பிரிவின் முதல் அணி மற்றப் பிரிவின் இரண்டாம் அணியைச் சந்திக்கும்போதுதான் திருத்தம் தேவைப்படுகிறது. அப்போதோ இரு பிரிவுகளுக்கும் இடையே ஓர் ஆட்டம்கூட நடந்திருக்காது. எந்தப் பிரிவு கடினமானது என்பதை அந்தப் போட்டியின் எண்களுக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதே பருவத்தில் வேறு போட்டிகளில் இந்த அணிகள் மோதியிருந்தால், அந்த ஆட்டங்களே இரு பிரிவுகளையும் இணைக்கும் பாலம். ஒரே ஒரு நேரடி மோதலைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு என்றாலும், பாலமாகக் கொள்வது அவசியம்.

கடந்த ஆண்டின் எண்களை இந்தப் பாலத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதுதான். கல்லூரி அணியில் மூன்றாண்டு முடிந்தவர் வெளியேறுகிறார், விளையாட்டு ஒதுக்கீட்டில் புதியவர் வருகிறார், ஒருவர் மாநில அணியின் முகாமுக்குப் போயிருக்கிறார்; சட்டையின் நிறம் மட்டுமே மாறாமல் இருக்கும்.

வித்தியாசக் கணக்கு யார் வெல்லக்கூடும் என்று சொல்லும். எப்படி என்று சொல்லாது. அதற்கு அமெரிக்கக் கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் 2004-ல் விளக்கிய நான்கு காரணிகளை எடுத்துக்கொள்ள வேண்டும்: ஷாட் திறன், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவற்றுக்கு அவர் முறையே 40, 25, 20, 15 சதவீதம் என்று எடை போட்டார். இந்த எடைகள் ஆட்டத்துக்கு 48 நிமிடம் ஆடும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கிலிருந்து வந்தவை. பந்தை முன்னே கொண்டுசெல்லும் பயிற்சி முதிராத கார்டுகள், களம் முழுவதும் நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் தற்காப்பைக் கண்டவுடன் பந்தை இழக்கும் ஆட்டங்களை இங்கு அடிக்கடி பார்க்கிறோம் என்பதால், டர்ன்ஓவருக்கான பங்கு இங்கே கூடுதலாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன். எடையை விட்டுவிட்டு நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது.

அவற்றில் ஷாட் திறன் என்பது வெறும் சதவீதம் அல்ல. ஓர் அணி 60 ஷாட்டில் 24 போடுகிறது, அவற்றில் 8 மூன்று புள்ளி. இன்னோர் அணி 60-ல் 26 போடுகிறது, 2 மட்டும் மூன்று புள்ளி. சாதாரணச் சதவீதத்தில் 40-க்கு 43 என்று இரண்டாம் அணி முந்துகிறது. மூன்று புள்ளி ஷாட்டை ஒன்றரையாக எண்ணினால் முதல் அணிக்கு 46.7, இரண்டாவதற்கு 45. ரீபவுண்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மொத்த ரீபவுண்ட் அதிகம் என்பதற்கு எதிரணி அதிகம் தவறவிட்டது என்ற பொருளும் உண்டு. எனவே, தன் ஷாட் தவறியபோது கிடைக்கக்கூடியவற்றில் எத்தனை விழுக்காட்டைத் திரும்பப் பிடித்தது என்று பார்க்க வேண்டும். முன்னோட்டத்தின் சுவையான பகுதி இந்த இணைகளில்தான் இருக்கிறது: தாக்குதல் ரீபவுண்டை நம்பி வாழும் அணி, ஆளுக்கு ஆள் அல்லாமல் இடம் பிரித்துக் காக்கும் ஸோன் தற்காப்பு ஆடும் அணியைச் சந்திக்கிறது என்றால் எழுதுவதற்கு விஷயம் உண்டு, ஏனெனில் ஸோனில் நிற்பவருக்கு யாரைத் தடுத்து நிறுத்தி ரீபவுண்ட் எடுப்பது என்பது தெளிவாக இருப்பதில்லை.

களத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து எழுதும் முறையையும் நான் ஒதுக்கவில்லை. 2018 என்சிஏஏ ஆடவர் போட்டியில் முதல் தரவரிசை பெற்றிருந்த வர்ஜீனியா, 16-ஆம் தரவரிசையிலிருந்த மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி அணியிடம் 54-74 என்று தோற்றது. அதற்கு முன் 135 முறை நடந்த அத்தகைய மோதல்களில் ஒருமுறைகூட 16-ஆம் அணி வென்றதில்லை. பருவம் முழுவதன் எண்களும் வர்ஜீனியாவின் பக்கம் இருந்தன. அந்த அணியின் டி’ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார் என்பதை அந்த எண்கள் அறியவில்லை. வர்ஜீனியா மிக மெதுவாக ஆடும் அணி என்பதும் கவனிக்கத்தக்கது. பந்துவசங்கள் குறையக் குறைய, வலிமை குறைந்த அணிக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊரிலும் அரையிறுதிக்கு முன்தினம் பயிற்சியைப் பார்க்கப் போய், சென்டர் ஆடுபவர் கணுக்காலில் பட்டை சுற்றியிருப்பதைக் கண்டுவந்தவர், மூன்று பக்க அட்டவணை போட்டவரைவிட ஒரு படி முன்னே நிற்பார்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், விடையை ஒரே அணியின் பெயராகக் கொடுக்காமல் வாய்ப்பாகக் கொடுப்பதே நேர்மை. அரையிறுதி, இறுதி இரண்டிலும் தலா 70 விழுக்காடு வாய்ப்புள்ள அணி கோப்பையை வெல்லும் வாய்ப்பு 49 விழுக்காடுதான். என்சிஏஏ போல ஆறு சுற்று வெல்ல வேண்டிய இடத்தில், ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடு இருந்தாலும் 26-க்கே இறங்கிவிடும்.

ஆகவே சென்னைப் போட்டி ஒன்றுக்கு நான் கைக்கொள்வது இதுதான்: அடித்தளமாக ஸ்கோர் ஷீட்டின் வித்தியாசக் கணக்கு, அதன்மேல் பென்சிலோடு உட்காரும் இரண்டு மாணவர்களின் பந்துவசக் கணக்கு. ஒருவர் தவறிய ஷாட்களையும், மற்றவர் ரீபவுண்டையும் டர்ன்ஓவரையும் குறித்தால் போதும்; லீக் சுற்றின் மூன்று ஆட்டங்களில் அணிக்கு இருநூறு பந்துவசங்கள் சேர்ந்துவிடும், டர்ன்ஓவரைப் பற்றியும் ரீபவுண்டைப் பற்றியும் பேச அது தாங்கும். மூன்று புள்ளிச் சதவீதத்துக்கு மட்டும் தாங்காது. அந்த மூன்று ஆட்டங்களில் ஓர் அணி 60 முறை தூரத்திலிருந்து எறிந்து 20 போட்டிருந்தால் அதன் சதவீதம் 33. தற்செயலின் அளவைக் கணக்கிட்டால் அதே அணியின் உண்மைத் திறன் 21 முதல் 45 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் முன்னோட்டத்தில் எத்தனை விழுந்தது என்று நான் எழுதுவதில்லை, எத்தனை எறிந்தார்கள் என்றே எழுதுகிறேன். அந்த எண் பயிற்சியாளரின் திட்டத்திலிருந்து வருவதால் அடுத்த நாளும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.