எல்பியை விற்றேன், சிடியை வைத்துக்கொண்டேன்

போன மார்கழியில் 112 எல்பி இசைத்தட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் டர்ன்டேபிளையும் விற்றுவிட்டேன். வாங்க வந்த தம்பி வேளச்சேரியிலிருந்து காரோடு வந்திருந்தார். ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து பாதி உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க, அப்புறம் ஏன் விக்கிறீங்க?" என்றார். சுத்தமாக வைத்திருந்ததால்தான் விற்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எல்பி வாங்கலாமா, சிடியே போதுமா, போனில் பாட்டுச் செயலியில் கேட்டுக்கொள்ளலாமா என்று குழம்புகிறவர்களுக்கு அந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் நான் கேட்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒன்று ஹெவி மெட்டல். இன்னொன்று 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாடக மேடைக்கென்று எழுதிய பரோக் இசை: பர்செல், லூலி, ராமோ. மெட்டல் வந்தது கல்லூரி நாட்களில், ரெக்கார்டிங் சென்டரில் 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கி. பரோக்குக்கு வழி காட்டியவர் இளையராஜா. 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார். தியாகராஜரைத் தெரியும், இந்த பாக் யார் என்று தேடப் போனவன் பரோக்கிலிருந்து திரும்பவே இல்லை. இரண்டும் எப்படி ஒரே அலமாரியில் இருக்கின்றன என்று கேட்பவர்கள், பர்செலின் ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ ஓபராவின் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) முடிவில் நாயகி டைடோ சாவதற்கு முன் பாடும் பாட்டைக் கேட்கட்டும். அடியில் ஒரே ஸ்வர வரி, படிப்படியாக இறங்கி, 11 முறை மாறாமல் திரும்ப வரும். மேலே குரல் தன் போக்கில் அழும். மெட்டல்காரர்கள் இதைத்தான் ரிஃப் என்கிறார்கள்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வசதிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. புதிதாக ஒன்றைத் தேடவும், பேருந்தில் கேட்கவும் நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பழைய நாடக இசைக்கு அது ஒத்துவராது. இயற்றியவர், நடத்தியவர், பாடியவர் என்று மூன்று பெயர் ஒரு பதிவுக்கு வேண்டும். நான் வைத்திருக்கும் செயலிக்கோ ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் தெரியும். கூடவே பாட்டு வரிகள் அச்சிட்ட கையேடு கிடையாது. பிரெஞ்சு தெரியாதவன் மூன்று மணி நேர லூலியைக் கையேடு இல்லாமல் கேட்பது, வசனம் புரியாத தெருக்கூத்தை விடிய விடியப் பார்ப்பது மாதிரி. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் யார் யாரைக் கொன்றார்கள் என்று தெரியாது. அதனால் உண்மையான போட்டி எல்பிக்கும் சிடிக்கும்தான்.

எல்பிக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பம் 1984-ல் வந்தது. அதன் அட்டையில் டெரிக் ரிக்ஸ் வரைந்த எகிப்தியக் கோயில் இருக்கிறது. கல்வெட்டு எழுத்துகளுக்கு நடுவே அவர் ஒளித்துவைத்த கேலிகளை 12 அங்குல அட்டையில் தேடிக் கண்டுபிடிப்பது தனிச் சுகம். சிடி அட்டையில் அது தபால் தலை. ஓபரா கையேடும் அப்படியே: எல்பி பெட்டியில் வரும் கையேடு பள்ளிப் பாடப்புத்தகம்போல் விரியும், சிடி கையேட்டுக்கு இப்போது எனக்கு மூக்குக்கண்ணாடியோடு மேசை விளக்கும் வேண்டியிருக்கிறது. சத்தம்? நடுத்தர விலைக் கருவிகளில் எல்பிக்கு ஒரு கதகதப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். லட்ச ரூபாய்க்கு மேல் போகும் டர்ன்டேபிள்களில் கேட்ட அனுபவம் எனக்கு ஒரே ஒரு மாலைதான். அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

சரி, ஏன் விற்றேன்? துடைத்துத் துடைத்தே ஓய்ந்துபோனேன். அதுதான் காரணம், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இருப்பது திருவான்மியூரில், கடலிலிருந்து நடக்கிற தூரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியைத் திறந்தால் ஈர வாடை வரும். முதல் மழைக்காலத்திலேயே காகித உள்ளுறைகளில் தேமல்போல வெளிறிய புள்ளிகள். தட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதே புள்ளி அதன்மேலும் உட்கார்ந்திருந்தது. பூஞ்சை. காகிதத்தையும் நம் விரல் பிசுக்கையும் தின்று வளர்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் மேலே போகும், பாட்டு பதிந்த பள்ளத்துக்குள் இருப்பது போகாது.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்கி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. தட்டை மடியில் ஒரு துண்டின்மேல் வைத்து, நடுவில் இருக்கும் லேபிள் நனையாமல் உள்ளங்கையால் மறைத்து, மென்மையான துணியால் கோடு போகும் திசையிலேயே சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். அப்புறம் வெறும் தண்ணீரால் ஒருமுறை. மறுபக்கம் அதேபோல. பிறகு சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் செங்குத்தாகக் காய வைக்க வேண்டும். "சாப்பிட்ட தட்டைக் கழுவ வராதவர் பாட்டுத் தட்டைக் கழுவுறார்" என்று என் மனைவி தன் அக்காவிடம் போனில் சொன்னது எனக்குக் கேட்கும்படிதான் இருந்தது. ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம். 112 தட்டுக்கு 28 மணி நேரம். வருஷத்துக்கு ஒரு முறையாவது. புதுப் பிளாஸ்டிக் உள்ளுறை, சிலிக்கா ஜெல் பொட்டலம், கார்பன் பிரஷ் எல்லாம் தனிக் கணக்கு. அந்தப் பள்ளத்தில் ஓடும் வைர முள்ளை ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பார்கள். தேய்ந்த முள் தட்டையே அறுத்துவிடும் என்பதால் நானும் பயந்துபோய் முன்னதாகவே மாற்றினேன். அல்ட்ராசோனிக் முறையில் கழுவும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். நான் அதைப் பயன்படுத்தியதில்லை, அதன் விலைக்கு எனக்கு நூறு சிடி வரும்.

இவ்வளவு துடைத்தும் ‘டிக்’ கேட்கும். இங்கேதான் எந்த இசை என்பது முக்கியமாகிறது. மெட்டல் பெரும்பாலும் தூசியை மன்னித்துவிடும். கிதாரும் டிரம்மும் முழு வேகத்தில் இருக்கும்போது ஒரு துகள் வெடித்தால் யாருக்குத் தெரியும்? பரோக் மன்னிக்காது. லூலியின் ‘ஆட்டிஸ்’ 1676-ல் மேடையேறியது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அதன்மேல் வைத்த ஆசையால் ‘அரசரின் ஓபரா’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அதில் ஒரு தூக்கக் காட்சி உண்டு: புல்லாங்குழல்கள் மெல்ல அசைய, அதன்மேல் குரல்கள் தாலாட்டுகின்றன. வீட்டு மின்விசிறியே தொந்தரவாகத் தெரியும் அந்த இடத்தில் ஒரு ‘டிக்’ கேட்டால் கொசு கடித்த மாதிரி. அடுத்தது எப்போது வரும் என்றே காது காத்திருக்கும். இசை போய்விடும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் மனிதர்களைத் திட்டுவது சும்மா இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே சீராகச் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் வட்டம் பெரியது, லேபிளுக்குப் பக்கத்தில் சின்னது. கணக்குப் போட்டால், தொடக்கத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. நீளம் ஓடுகிறது, கடைசியில் 21 செ.மீ.தான். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அதனால் தட்டின் பக்கம் முடியும் இடத்தில் உச்ச ஸ்வரங்கள் கரகரக்கும், ‘ஸ’ ஓசைகள் சீறும், முள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலோ பள்ளத்தில் அழுக்கு இருந்தாலோ அந்த இடம்தான் முதலில் கெடும்.

இப்போது நம் இசைத்தட்டுகளில் கடைசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘பவர்ஸ்லேவ்’ இரண்டாம் பக்கத்தின் முடிவில் ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’, 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் மரம் கிறீச்சிட, பாஸ் கிதார் மட்டும் முனக, கவிஞர் கோல்ரிட்ஜின் வரிகளை ஒரு குரல் வாசிக்கும். மெட்டலில் நான் கேட்ட அமைதிகளில் அதுதான் ஆழமானது. அது வருவது உள்வட்டத்தில். ‘டைடோ’ மொத்தமே ஒரு மணி நேரம்தான். 1961-ல் ஜானெட் பேக்கர் பாடிய புகழ்பெற்ற பதிவு ஒரே எல்பியில் அடங்கிவிட்டது. டைடோ சாகிற பாட்டு? அதுவும் இரண்டாம் பக்கக் கடைசியில், லேபிளை உரசிக்கொண்டு. நாடகம் எழுதுகிற எவரும் உச்சத்தை முடிவில்தான் வைப்பார்கள். எல்பி பலவீனமாக இருப்பதும் முடிவில்தான்.

சிடி இதற்கு நேர் எதிர். உள்ளிருந்து வெளியே படிக்கிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று வாக்கில் ஆரம்பித்து, வெளியே போகப் போக 200-க்குக் குறைத்துக்கொள்கிறது, லேசருக்கு அடியில் ஓடும் நீளம் எப்போதும் ஒன்றாக இருப்பதற்காக. முதல் நிமிடமும் 74-ஆவது நிமிடமும் ஒரே தரம். லேசர் 1.2 மி.மீ. தடிமனான பிளாஸ்டிக்கின் ஊடாகப் படிப்பதால் மேலே கிடக்கும் தூசி அதன் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். சின்னக் கீறலால் தகவல் விட்டுப்போனாலும், சுமார் 2.5 மி.மீ. வரைக்கும் பிழைதிருத்தக் கணக்கு அதை முழுசாக மீட்டுவிடும். பராமரிப்பு என்று நான் செய்வது: பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு இழுப்பு. எல்பியைப்போலச் சுற்றித் துடைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

எழுந்து போகிற கணக்கும் உண்டு. 1987-ல் வில்லியம் கிறிஸ்டி நடத்திப் பதிந்த ‘ஆட்டிஸ்’ மூன்று சிடி, இரண்டு முறை எழுந்தால் போதும். அவ்வளவு நீள ஓபராவை எல்பியில் கேட்டால் ஏழெட்டுப் பக்கம். பழைய மூன்று தட்டுப் பெட்டி ஒன்றை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். முதல் பக்கத்துக்குப் பின்னால் ஆறாம் பக்கம் இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து விலையில் குறைக்கச் சொல்லி வாதாடினேன். அது பிழையல்ல, தட்டுகளை அடுக்கிவைத்தால் தானாக ஒவ்வொன்றாகப் போடும் பழைய கருவிகளுக்காகச் செய்த ஏற்பாடு என்று பிற்பாடு தெரிந்தது. குறைத்த ஐம்பது ரூபாயை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சிடிக்குக் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மெட்டலில் 1990-களின் நடுவிலிருந்து சத்தத்தை ஏற்றி ஏற்றி, மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் நசுக்கிவிட்டார்கள். 2008-ல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னட்டிக்’ இதற்குப் பேர்போனது: வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் சிடியைவிட நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்களே ஒப்பிட்டுக் காட்டினார்கள். மெதுவுக்கும் உரத்ததுக்கும் நடுவே 96 டெசிபெல் இடம் கொடுக்கிற ஊடகத்தை வாங்கி, அதில் மாடிப்படிக்குக் கீழே குடித்தனம் நடத்துகிற வேலை. ஆனால் கலவையிலேயே நசுக்கியதற்கு எல்பி மருந்தாகாது. நான் செய்வது, 80-களின் ஆல்பங்களுக்கு ‘ரீமாஸ்டர்டு’ (பின்னாளில் ஒலியை மாற்றியமைத்தது) என்று போடாத பழைய சிடியைத் தேடி வாங்குவது. பழைய கடையில் 150, 200 ரூபாய்தான். ஒரு புது எல்பிக்கு இங்கே மூவாயிரம் கொடுத்திருக்கிறேன்.

சிடியும் சாகும். 1988-க்கும் 1993-க்கும் இடையில் இங்கிலாந்தில் ஒரு ஆலையில் அச்சான தட்டுகள் பல வெண்கல நிறமாகி உள்ளே அரித்துப்போயின. கையேட்டுக் காகிதத்தின் கந்தகம் மேல்பூச்சைத் தாண்டிப் போனதுதான் காரணம் என்றார்கள். பழைய பரோக் சிடி வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள், தாமிரச் செம்பு மாதிரி மின்னினால் வைத்துவிடுங்கள். ஓபரா பெட்டிகளுக்குள் வரும் மெல்லிய ஸ்பாஞ்சை வாங்கிய அன்றே எறிந்துவிட வேண்டும். நம் வெயிலுக்கு அது இளகி, தட்டின் அச்சுப் பக்கத்தில் பசைபோல ஒட்டும். என் ராமோ பெட்டியில் இரண்டாவது தட்டு அப்படித்தான் போனது.

மறுவிற்பனை என்று பார்த்தால் எல்பி ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். வேளச்சேரித் தம்பி கொடுத்த பணம் நான் போட்டதைவிட அதிகம். என் சிடிகளை விற்கப் போனால் கிலோ கணக்கில்தான் கேட்பார்கள். விற்பதற்காக வாங்குகிறவர் எல்பியே வாங்கட்டும்.

எனக்குள்ள ஒரே கவலை கருவி. சிடி பிளேயரில் லேசர் கண் மங்கிவிட்டால் மாற்றுவதற்கு ஆள் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. என்னுடையது ஆறு வயதுதான், அதன் ஆயுளைப் பற்றி இப்போதே பேச எனக்குத் தகுதியில்லை. எல்லாச் சிடியையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்ற ஆரம்பித்து, பாதியில் நிற்கிறேன். எல்பி விற்ற காசில் இரண்டாம் கை பிளேயர் ஒன்று வாங்கி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை இறக்கி, ‘பவர்ஸ்லேவ்’ போட்டு, மூடி திறந்து மூடுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுகிறேன்.