ஓராண்டு கிளவுடில் பாட்டுக் கேட்ட பிறகு

என் பாட்டுச் சேகரிப்பு 11,400 கோப்புகள், ஏறக்குறைய 320 ஜிபி. பெரும்பாலானவை சிடிகளிலிருந்து நானே பொறுமையாக, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் எடுத்தவை. கட்டணம் கட்டி ஓராண்டாக அவற்றை ஒரு கிளவுட் இசைச் சேவையில் வைத்திருக்கிறேன்.

வசதி உண்மையானது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி பாட்டின் பெயரைத் தேடினால் மறுநொடி ஒலிக்கிறது. போனில் இடமும் அடைபடுவதில்லை. ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் முழு மூன்று நாள் ஆனது.

ஆனால் ஒரு பிழையை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னிடம் ஒரு மேடைப் பதிவு உண்டு. இரண்டாம் சரணத்துக்கு முன் பாடகர் மூச்சு வாங்க நிற்பார், அரங்கம் கைதட்டும், அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் வயலின் நுழையும். அந்த இடத்துக்காகவே அதைக் கேட்பேன். ஒருநாள் கைதட்டலே வரவில்லை. பெயரையும் நீளத்தையும் பார்த்து இரண்டும் ஒன்று என்று முடிவுசெய்த சேவை, தன்னிடமிருந்த ஸ்டூடியோ பதிவை அதன் இடத்தில் வைத்துவிட்டது. அதுவும் நொடிக்கு 256 கிலோபிட்டுக்குச் சுருக்கிய, ஒலித்தரம் குறைந்த பிரதி. வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் மூலக்கோப்பு இருந்ததால் பிழைத்தேன்.

சேவையே இல்லாமல் போவதும் உண்டு. 50,000 பாடல்கள் வரை இலவசமாக ஏற்ற இடம் தந்த கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது, கெடுவுக்குள் மாற்றியவர்களுக்கு.

ஹார்ட் டிஸ்க்கும் சாகும். என் பழைய டிஸ்க் ஒரு மாலை டிக் டிக் என்று தட்டத் தொடங்கி, மறுநாள் திறக்கவே இல்லை. அதனால் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஃபிளாக்கை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும்; ஒலி சிதைந்தால் அந்த எண் பொருந்தாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சோதிக்கிறேன். சென்ற முறை மூன்று கோப்புகள் சிதைந்திருந்தன. அக்கா வீட்டுப் பிரதியிலிருந்து மீட்டேன். எம்பி3 கோப்புகளில் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

சேவைக்கு ஐந்துக்கு மூன்று தருகிறேன். வழியில் கேட்பதற்குச் சந்தாவைப் புதுப்பிப்பேன். அந்த மேடைப் பதிவை மட்டும் அதிலிருந்து நீக்கிவிட்டு, போனிலேயே நேரடியாகப் போட்டுக்கொண்டேன்.