விட்பி அம்மோனைட்: கல் நன்று, சீட்டு தவறு

இங்கிலாந்தின் விட்பிக் கடற்கரைப் பாறையிலிருந்து எடுத்ததாக விற்கப்படும் இந்த அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) புதைபடிவத்தை, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுப் பழமையான சுருள்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்படி சுத்தம் செய்திருக்கிறார்கள். அங்கே முற்காலத்தில் சுருண்ட பாம்பாகக் காட்டச் செய்ததைப் போலப் பாம்புத்தலை செதுக்கிக் கெடுக்காமல் விட்டதே பெரிய நிம்மதி.

குறை விவரச்சீட்டில்தான். அதில் ஹில்டோசெராட்டிடே குடும்பம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் அக்குடும்பத்துக்குப் பெயர் தந்த பேரினமான ஹில்டோசெராஸ் ஓட்டின் வெளிவிளிம்பில் நடுமேடும் அதன் இருபுறமும் பள்ளங்களும் இருக்கும். இதிலோ மேடே இல்லை. நெருக்கமான விலா வரிகள் விளிம்பருகே இரண்டாகப் பிரிந்து, தடையின்றி மறுபக்கத்தை அடைகின்றன. ஆகவே இது டாக்டிலியோசெராஸ் என்ற வேறொரு பேரினம். 1867-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபியஸ் ஹயாட் வகுத்து, ஜுராசிக் முற்காலம் முடிவதற்குள் அற்றுப்போன டாக்டிலியோசெராட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லுக்காகத் தயங்காமல் வாங்கலாம். வகைப்பாட்டைக் கற்க வாங்குவோர் சீட்டை நம்ப வேண்டாம்.