தாமிரபரணி வெள்ள மாடலுக்கு எந்த உயரத் தரவு?

தாமிரபரணியில் வெள்ளம் எங்கே, எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணக்கிடும் வெள்ள மாடல் போடுகிறவர்கள் மழைக் கணக்கு, பாபநாசம் அணையில் திறந்த தண்ணீர் எல்லாவற்றையும் அலைந்து சேர்ப்பார்கள். நில உயரத்துக்கு மட்டும் முதலில் கிடைத்த இலவசக் கோப்பை எடுத்துப் போட்டுவிடுவார்கள். வம்பே அங்கேதான். திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 45 மீட்டர் உயரம். அங்கிருந்து ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் வரை ஆற்றுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. உயரத்தில் நாலு மீட்டர் பிழை வந்தால், நாலு கிலோமீட்டருக்கு மேல் ஆறு இறங்கும் இறக்கமே காணாமல் போய்விடும்.

பலரும் முதலில் எடுப்பது நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாளில் ரேடாரால் அளந்தது. 30 மீட்டர் பிக்சல், அதாவது தரையில் 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம். உத்தரவாதம் சொன்ன பிழை வரம்பு 16 மீட்டர். நிஜத்தில் அதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் வயல்வெளிக்கு அதுவும் போதாது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் நம்மூர் உயரத் தரவான கார்ட்டோடெம்முக்கு வரம்பு 8 மீட்டர். பாசத்துக்கு மார்க் போடலாம்; ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வெள்ளம் பார்க்க நான் இரண்டையும் எடுக்கமாட்டேன்.

அதிகம் பேர் ஏமாறுவது ஜப்பான் செயற்கைக்கோள் ரேடாரின் பெயரில் வரும் 'அலோஸ் பால்சார் 12.5 மீட்டர்' தரவில்தான். 30-ஐவிட 12.5 நுணுக்கம் என்று நினைத்து இறக்குவார்கள். நம் பக்கத்துக்கு அது அதே எஸ்ஆர்டிஎம்தான். பிக்சலைச் சிறிதாக நறுக்கியிருக்கிறார்கள், புதிதாக எதையும் அளக்கவில்லை. போதாததற்கு, உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து இல்லை, பூமிக்கு மாற்றாகக் கணக்கில் வைக்கும் நீள்வட்டக் கோளத்திலிருந்து. தென்னிந்தியாவில் இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது, இங்கே 90 மீட்டருக்கும் மேல். அதனால் நெல்லை ஜங்ஷன் சுமார் மைனஸ் 50 என்று காட்டும். இதைத் திருத்தாமல், கடல்மட்டத்தை வைத்து லெவல் எடுத்த ஆற்றுக் குறுக்குவெட்டோடு சேர்த்தால் மாடல் குப்பைதான்.

இலவசத்தில் என் ஓட்டு ஐரோப்பியத் தரவான கோப்பர்நிக்கஸ் 30-க்கு. 2011-லிருந்து 2015 வரை எடுத்த ரேடார் தரவு, வரம்பு 4 மீட்டர், சமவெளியில் அதைவிட நன்றாக வரும். குறை ஒன்று: பார்ப்பது தரையை அல்ல, தலையை. ஏரல் பக்கம் வாழையும் தென்னையும் தரை மாதிரியே உயர்ந்து நிற்கும், மாடலில் வெள்ளம் அதைச் சுற்றிப் போகும். மரத்தையும் கட்டடத்தையும் கோப்பர்நிக்கஸிலிருந்து கழித்துத் தருவது 2022-ல் வந்த ஃபேப்டெம். படிப்புக்கு இலவசம், வணிக வேலைக்கு உரிமம் வேண்டும். மரம் அடர்ந்த கரையில் மரத்தோடு கரையையும் கொஞ்சம் சீவியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கரை என்றதும் இன்னொன்று. நம் ஊரில் குளம் ஒன்றின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், அடுத்த குளத்துக்குத்தான் பாயும். கரையின் மேல்தளம் மூன்று நாலு மீட்டர் அகலம். 30 மீட்டர் பிக்சலில் அது சராசரியில் கரைந்துவிடும். மாடலில் தண்ணீர் குளத்தைக் குறுக்கே கடந்து சாவகாசமாகப் போகும். நிஜத்தில் குளம் பெருகி, மறுகால் போதாமல் கரை உடைந்து, மொத்தமாக ஊருக்குள் வரும். 2023 டிசம்பரில் நடந்தது அதுதான். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரயில்பாதைக்கு அடியில் மண் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதே, அந்த மேடும் எந்த இலவசத் தரவிலும் சரியாகத் தெரியாது.

ஆகவே நல்ல தரவுக்குச் செலவழிக்கிற பணத்தை முதலில் கரைகளுக்குச் செலவழியுங்கள். சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமான டிஜிபிஎஸ் கருவியோடு கரைமேல் நடந்து உச்சி உயரம், மறுகால் மட்டம், தணிந்த இடம் எல்லாம் எடுத்து ஃபேப்டெம்மில் கோடாகச் செருகினால், வெள்ள மாடல் மென்பொருளான ஹெக்-ராஸ் அதைத் தடுப்பாக எடுத்துக்கொள்ளும். ஆற்றுப் படுகைக்கும் குறுக்குவெட்டு அளந்தே ஆகவேண்டும், ரேடார் தண்ணீருக்கு அடியில் பார்க்காது.

லேசரால் அளந்து பத்து இருபது சென்டிமீட்டர் துல்லியம் தரும் லைடாருக்கு எதுவும் ஈடில்லை, செலவும் அப்படி. மொத்த வடிநிலத்துக்கும் வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே மலைச்சரிவில் கோப்பர்நிக்கஸ் தாராளம். மருதூர் அணைக்கட்டிலிருந்து கடல் வரை லைடார் எடுத்தால் போதும், அதுவும் குளம் வற்றிய கோடையில்.